கண் லேயர்

பிப்ரவரி 13, வியாழன்

காலையில கார்முகில் வாரப் பத்திரிகை வந்துச்சு. முப்பத்தி நாலாம் பக்கத்தைத் திறந்தேன். என் படத்துல கண்ணு இல்ல.

'மேல்வீட்டுக் குடும்பம்'னு ஒரு பேய்த் தொடர் வருது, அதுக்கு நான் போட்ட படம். அப்பா, அம்மா, ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க, நாலு பேரும் தரையில உக்காந்து தோசை சாப்பிடுதாக. தோசையில பொத்தல் பொத்தலா நான் வரைஞ்சது அப்படியே இருக்கு. சட்னியில கடுகு இருக்கு. அம்மாக்காரி காதுல தோடு இருக்கு. சுவத்துக் கேலண்டர்ல தேதி கூட இருக்கு. நாலு மூஞ்சியிலயும் கண்ணு இருக்கவேண்டிய எடம் மட்டும் வழிச்சுவிட்ட மாவு மாதிரி வழவழன்னு கெடக்கு. அதுல நாலு பேரும் தலையைத் தூக்கி நம்ம பக்கம் திரும்பி வேற இருக்காக.

நான் ஆக்னஸ். இருபத்திரண்டு வருஷமா பத்திரிகைக் கதைகளுக்குப் படம் போடுதேன். இதையெல்லாம் சொந்த டைரியில எதுக்கு எழுதணும்னா, நாளைக்கு என்னைப் பத்தி ஆராய்ச்சி பண்ண ஒருத்தன் வருவாம்லா, அவனுக்காக. ஓரத்துக் கையெழுத்தைப் பாக்கறதுக்கு முன்னாடியே கண்ணைப் பாத்து 'இது ஆக்னஸ் படம்'னு சொல்லிருவாக. அப்பேர்ப்பட்டவ படத்துல கண்ணக் காணோம்.

ஆராய்ச்சிக்காரனுக்கு இன்னொண்ணும் சொல்லிருதேன். கம்ப்யூட்டர்ல வரையிறது கண்ணாடித் தாளை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குற மாதிரி. ஒவ்வொரு தாளுக்கும் லேயர்னு பேரு. உடம்பு ஒரு லேயர், சேலை ஒரு லேயர், நெழலு ஒரு லேயர். கண்ணு எப்பவும் கடைசி. வெள்ளிக்கிழமை காலையில குளிச்சுட்டு, பல்லுல பச்சத்தண்ணி படாம உக்காந்து கண்ணை வரைஞ்சு, எட்டு மணிக்குள்ள சென்னைக்கு அனுப்பிருவேன். அந்த லேயருக்கு 'கண்'னே பேர் வச்சிருக்கேன். பக்கத்துல இருக்க பொத்தானைத் தட்டினா ஒரு லேயர் முழுசா மறைஞ்சிரும். பக்கம் போடுற ஆளு அதைத் தட்டித் தொலைச்சிருக்காரு. வேற என்ன நடந்திருக்கும்? என் ஃபைலைத் திறந்து பாக்கக்கூட நான் மெனக்கெடல. என் வேலை எனக்குத் தெரியாதா?

ஆசிரியர் நாச்சியப்பன் சாருக்கு ஏழு மணிக்கே வாய்ஸ் மெசேஜ் போட்டேன், மூணு நிமிஷம். கண்ணு தெரியாதவனையெல்லாம் லே-அவுட்டுல உக்கார வச்சா இப்படித்தான்னு ஆரம்பிச்சு, கடைசியில எங்க போய் நிறுத்துனேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. ஆத்திரம் அடங்கல. லே-அவுட் கலியமூர்த்திக்கே போன் அடிச்சேன். ஒம்பது வருஷமா என் படத்துக்குப் பக்கம் போடுதவரு. கடலூர்ப் பக்கம். நேர்ல பாத்ததில்ல, வாராவாரம் 'ஃபைல் வந்துருச்சு மேடம்'னு ஒரு குரல், அவ்வளவுதான்.

நான் திட்டத் திட்டப் பேசாம கேட்டுக்கிட்டே இருந்தாரு. அப்புறம், 'பொறுப்பு என்னுதுதான் மேடம். மேனேஜருக்கும் அப்படியே எழுதிக் குடுத்துடறேன்'னாரு. இம்புட்டுச் சீக்கிரம் ஒத்துக்கிட்டா ஒரு மனுசி எப்படித் திட்டுறது? பாதி வாயிலயே நின்னுபோச்சு.

நேத்துதான் அப்பாவோட ஏழாம் நாள் பூசை முடிஞ்சுது. வந்தவங்க சாப்பிட்ட இலையெல்லாம் கொல்லையில கெடக்கு. அள்ளணும்.

பிப்ரவரி 14, வெள்ளி

ஆத்திரத்துல மாவுக்கு ரெண்டு தடவை உப்புப் போட்டுட்டேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

கோயில்ல இருந்து வந்து செருப்பைக் கழட்டல, நாச்சியப்பன் சார் போன். சரி, மன்னிப்புக் கேக்கத்தான்னு நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தேன். மன்னிப்பு வந்தா நிதானமா வாங்கிக்கிடணும்லா.

'ஆக்னஸ் மேடம், என்ன பண்ணி வச்சிருக்கீங்க? ஆபீஸ் போன் ஓயல. ஒரு அம்மா அந்த இதழை அரிசி டிரம்முல போட்டு மூடி வச்சிருக்காங்களாம். செல்போன்ல எல்லாம் அந்தப் படம்தான் சுத்துது. யாரு இந்த ஆக்னஸ்னு கேக்கறாங்க.'

யாரு இந்த ஆக்னஸாம். ஆயிரத்துக்கு மேல படம் போட்டாச்சு. ஒவ்வொரு கண்ணா பாத்துப் பாத்து வரைஞ்சப்ப ஒரு கடுதாசி வந்ததில்ல. எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, வயித்தெரிச்சலாவும் இருந்துச்சு.

'வேணும்னே பண்ணதுன்னு போட்டுறலாமா மேடம்? உங்க வாய்ஸ் மெசேஜ நான் வெளியில யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல.'

ஒரு நிமிஷம் யோசிச்சேன். சரி, டைரியில பொய் எதுக்கு, யோசிக்கவே இல்ல. 'பின்ன, சும்மாவா விட்டேன்'னு சொல்லிட்டேன்.

இவுக, அதாவது என் வீட்டுக்காரர் இன்பராஜ், மின்வாரியத்துல வேலை, எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு பேப்பரை மடக்கி வச்சாக. 'ஏட்டி, வியாழக்கிழமை தெருவே கேக்க அந்தக் கத்துக் கத்துனியே, அது யாரு?'

'அது வேற, இது வேற'ன்னேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

இந்த வாரப் படம், அம்மாக்காரி மொட்டை மாடியில துணி காயப்போடுதா. கண்ணு வைக்கல. இந்தத் தடவை நானே வேணும்னு வைக்கல, ஒரு பய கேள்வி கேக்க முடியாது.

ரெண்டு நாளா யோசிச்சதுல ஒரு விசயம் பிடிபட்டுச்சு. ரத்தம், கோரப்பல்லு, தலைவிரி கோலம் இதையெல்லாம் வரைஞ்சா சனங்க சிரிக்கத்தான் செய்யும். பயம் வரணும்னா எல்லாம் அதது எடத்துல இருக்கணும். கிளிப்பு இருக்கணும், ஈரச் சேலையில சொட்டு இருக்கணும், வேலை மெனக்கெட்டு தோடு வரைஞ்சிருக்கணும். பாத்தா ஒண்ணும் தெரியக்கூடாது. ஒண்ணே ஒண்ணை மட்டும் எடுத்திருக்கணும். இதை நான் எங்க பாத்துப் படிச்சேன்னு தெரியல. நானே கண்டுபிடிச்சதுதான் போல. எனக்கு மண்டைக்கனம்னு இவுக சொல்லுதாக. உள்ளே சரக்கு இருந்தா கனக்கத்தானே செய்யும்.

வள்ளியூர்ல இருந்து பிலோமி அக்கா போன் பண்ணினா. 'ஏட்டி, ஏன் இப்படிப் படம் போடுத? பாத்தா எனக்கு அப்பா ஞாபகம் வருது.'

'தோசை திங்கற குடும்பத்துல அப்பா எங்கக்கா வந்தாரு?'ன்னேன். வச்சிட்டா.

அவளுக்கு இன்னும் கோவம் தீரல. அப்பா கண்ணைத் தானம் குடுத்தது பிடிக்கல. 'கண்ணில்லாம மோட்சத்துக்கு எப்படிடி வழி தெரியும்'ங்கா. முப்பத்தஞ்சு வருஷம் கவர்மெண்ட் பஸ் ஓட்டின மனுசன், அவருக்குப் போய் வழி தெரியாதாம். அப்பாவே கையெழுத்துப் போட்டு வச்ச காயிதம் அது. நான் போன் மட்டும்தான் பண்ணினேன். ஆறாம் தேதி வியாழக்கிழமை மத்தியானம் ரெண்டரைக்கு உயிர் போச்சு. அஞ்சு மணிக்குக் கண் வங்கியில இருந்து ரெண்டு பேர் வந்தாக. இருபது நிமிஷத்துல கதவைத் திறந்து, 'வந்து பாத்துக்குங்கம்மா, ஒண்ணும் தெரியாது, தூங்குற மாதிரிதான் இருக்கும்'னாக. பாத்தேன். ஒண்ணும் தெரியல. மீசை, நெத்தித் தழும்பு, எல்லாம் இருந்துச்சு.

மறுநாள் சாயங்காலம்தான் அடக்கம். அந்த வெள்ளிக்கிழமையும், ஹால்ல அப்பாவை வச்சிக்கிட்டு, எட்டு மணிக்கு முன்னாடி படத்தை அனுப்பினவ நான். இருபத்திரண்டு வருஷத்துல ஒரு வாரம் தவறினதில்ல. வேற எவனாவது செய்வானா, கேட்டுப் பாரு.

பிப்ரவரி 22, சனி

கண் வங்கியில இருந்து அப்பா பேர்ல சர்டிபிகேட் வந்துச்சு. ரெண்டு பேருக்குப் பார்வை கெடைச்சிருக்காம். பேர் சொல்ல மாட்டாகளாம், அது விதியாம். ஃபிரேம் போடக் குடுத்திருக்கேன்.

ஜங்ஷன் மார்க்கெட்டுக்குப் போனேன். ஒரு கண்ணுல பச்சைத் துணி மறைச்ச ஆளு ஒருத்தர் தக்காளி பொறுக்கிக்கிட்டு இருந்தாரு, அம்பது வயசு இருக்கும். அவர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனாரு. நானும் ஏதோ ஞாபகத்துல அந்தப் பக்கமாவே நடந்துட்டேன். பஸ் ஏறும்போது திரும்பி என்னை ஒரு பார்வை பாத்தாரு. வீட்டுக்கு வந்தப்புறம்தான் கவனிச்சேன், காய் ஒண்ணும் வாங்கல. மத்தியானம் முட்டைக்குழம்பு வச்சாச்சு.

பிப்ரவரி 27, வியாழன்

பேட்டி. சென்னையில இருந்து ஒரு பொண்ணு வீடியோ கால்ல வந்துச்சு, வீட்டுச் சேலையிலயே உக்காந்தேன், மேல மட்டும்தானே தெரியும்.

'கண்ணை விட்டுடணும்ங்கற எண்ணம் எப்படி மேடம் வந்துது?'

'கண்ணு இருந்தா அந்த ஆளு எங்க பாக்குதான்னு உங்களுக்குத் தெரிஞ்சிரும். தெரிஞ்சா பயம் போயிரும். கண்ணில்லாத மூஞ்சி எங்க பாக்குதுன்னு தெரியாது. அதனால உங்களையே பாக்குற மாதிரி இருக்கும்'னு சொன்னேன். எனக்கே புல்லரிச்சுப் போச்சு. அந்தப் பொண்ணு மூச்சுவிடாம எழுதிக்கிட்டுது.

'எத்தனை நாள் யோசிச்சீங்க?'

'இருபத்திரண்டு வருஷம்.'

அடுக்களையில இருந்து இவுக சிரிச்சது மைக்குல விழுந்திருக்கும்.

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன். நெத்தியில சாம்பலோட வந்து போனைப் பாத்தா, பரிசு. சென்னை ஓவியர் மன்றத்துல 'இந்த வருஷத்தின் சிறந்த கதைப்படம்' அந்தத் தோசைப் படம்தானாம். ஏப்ரல்ல விழா. மேடையில பேசணுமாம். மனுசன் மண்ணாப் போவான்னு சாமியார் சொல்லி அரை மணி நேரம் ஆகல, எனக்குக் கால் தரையில பாவல.

இவுகளைக் கூப்பிட்டு விசயத்தைச் சொன்னேன். 'நல்லா இருக்குட்டி'ன்னாக. அவுக வாயில இருந்து இது வர்றது குதிரைக்குக் கொம்பு முளைக்கிற மாதிரி. பெருமையா இருக்கு. இந்த வரிக்குக் கீழ ஒரு கோடு போட்டு வைக்கேன்.

மார்ச் 8, சனி

அப்பாவோட முப்பதாம் நாள் பூசை. பிலோமி அக்கா வந்தா, பேசல, ஆனா அப்பளம் முழுக்க அவதான் பொரிச்சா. நினைவு அட்டைக்கு அப்பா படத்தை நான்தான் வரையிறதா இருந்துச்சு. முக்கால்வாசி முடிச்சிட்டேன், கண்ணு மட்டும்தான் பாக்கி. நேரமில்ல, போட்டோவையே போட்டாச்சு. பேரெடுத்த ஓவியக்காரி வீட்டுல போட்டோவான்னு சித்தப்பா கேட்டாரு. பாயசம் இன்னொரு கரண்டி ஊத்தி வாயை அடைச்சேன்.

மார்ச் 11, செவ்வாய்

கலியமூர்த்தி போன். ஒரு மாசமா மெசேஜோட சரி, குரலைக் கேட்டதும் ஃபைல்ல ஏதோ தகராறுன்னு நினைச்சேன்.

'மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு வர்ற முப்பத்தொண்ணோட ஒப்பந்தம் முடியுது. வருஷா வருஷம் புதுப்பிப்பாங்க. இந்த வருஷம் மாட்டாங்களாம்.'

'ஏன்?'

'மெமோ இருக்கு மேடம். அந்தக் கண்ணு விசயம். எனக்கு அம்பத்திரண்டு ஆவுது, இனிமே வேற எங்கயும் எடுக்க மாட்டாங்க. பொண்ணு பிளஸ் டூ எழுதிக்கிட்டு இருக்குது. வேணும்னேதான் விட்டேன்னு நீங்க எல்லா இடத்துலயும் சொல்றீங்க. அதை ஆபீசுக்கும் ஒரு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா...'

எழுதித் தாரேன், கவலைப்படாம இருங்கன்னு சொன்னேன். ஒரு வரிதானே.

ஆனா ஒண்ணு. படம் என் பேருக்குப் பரிசு வாங்கிட்டு வருது, அதே படத்துக்கு அந்த மனுசனுக்கு மெமோ. இது எனக்குத் தெரியவே தெரியாது. கேட்டதுல இருந்து சோறு எறங்கல.

மார்ச் 12, புதன்

நாச்சியப்பன் சார்கிட்டப் பேசினேன். வேணும்னேதான் கண்ணு வைக்கல, கலியமூர்த்தி மேல தப்பில்லன்னு எழுதித் தாரேன்னு சொன்னேன்.

சிரிச்சாரு. 'உங்க பெருந்தன்மை மேடம். ஆனா மேனேஜர் நம்ப மாட்டாரு. உங்க வாய்ஸ் மெசேஜ அவருக்குப் போட்டுக் காட்டித்தானே மெமோவே குடுத்தோம். அதுல நீங்க எப்படித் திட்டியிருக்கீங்க தெரியுமா?'

'வெளியில மட்டும் நான் வேணும்னே செஞ்சது, உள்ளே அவர் செஞ்ச தப்பா?'

'வெளிய ஒண்ணு, உள்ள ஒண்ணு. எல்லா ஆபீசும் அப்படித்தான் மேடம். நீங்க ஏன் மனசைக் குழப்பிக்கறீங்க? பரிசு வாங்கற வேலையைப் பாருங்க.'

வாயைக் குடுத்து மாட்டிக்கிடறதுன்னா இதுதான். என் வாயி, இன்னொருத்தர் மாட்டிக்கிட்டாரு. மூணு நிமிஷ மெசேஜ். நானே மறுபடி போட்டுக் கேட்டேன். முழுசா கேக்க முடியல.

மார்ச் 13, வியாழன்

விழாவுல சுவர் உயரத்துக்குப் பிரிண்ட் எடுத்து வைக்கணும், மூல ஃபைல் அனுப்புங்கன்னு மன்றத்துல கேட்டிருந்தாக. அந்தப் படத்தை அனுப்பினதுக்கு அப்புறம் இன்னைக்குத்தான் முதல் தடவையா திறக்கேன். என் கண் லேயர் உள்ளே இருக்கும், அதை மறைச்சு வச்சு அனுப்பணும்னுதான் திறந்தேன்.

லேயர் இருந்துச்சு. 'கண்'னு பேரும் இருந்துச்சு. மறைஞ்சு இல்ல, திறந்துதான் இருந்துச்சு. பொத்தானைத் தட்டினேன். படத்துல ஒண்ணும் மாறல. திரும்பத் தட்டினேன். ஒண்ணும் மாறல. கம்ப்யூட்டர் சவம் மக்கர் பண்ணுதுன்னு அணைச்சுப் போட்டுப் பாத்தேன். அந்த நாலு பேரும் வழவழன்னு என்னையே பாத்துக்கிட்டு இருந்தாக. எத்தனை தடவை தட்டினேன்னு தெரியாது, இவுக வந்து கையைப் பிடிச்சப்பதான் நிறுத்தினேன்.

லேயர் காலி. அதுல ஒரு கோடு கூடக் கெடையாது. கடைசியா சேமிச்ச நேரம், பிப்ரவரி 7, காலை 6.10.

கலியமூர்த்தி எதையும் தட்டல. நான் வரையவே இல்ல. வரைஞ்சேன்னு நினைச்சுக்கிட்டேன். குளிச்சது ஞாபகம் இருக்கு, உக்காந்தது ஞாபகம் இருக்கு, ஹால்ல ஜெபம் சொல்லுத சத்தம் ஞாபகம் இருக்கு, அனுப்பினது ஞாபகம் இருக்கு. நடுவுல ஒண்ணும் இல்ல. அன்னைக்கு என்னால கண்ணு வரைய முடியல, அவ்வளவுதான். இதுக்கு மேல இதைப் பத்தி எழுத மாட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

படம் அனுப்பியாச்சு, ஏழு அம்பதுக்கு. ரசம் வச்சேன்.

மார்ச் 15, சனி

இவுக கிட்டக் கேட்டேன், என்ன செய்யன்னு.

'உள்ளதைச் சொல்லு. மறந்துட்டேன்னு சொல்லு. ஃபைலைக் காட்டு. அந்த மனுசன் பொழைச்சுக்கிடுவாரு.'

'இருபத்திரண்டு வருஷமா கண்ணுக்குப் பேர்போனவ கண்ணு வரைய மறந்துட்டேன்னு ஊரறியச் சொல்லவா? பேட்டியில வேற அத்தனை பேசியிருக்கேன். காறித் துப்ப மாட்டாகளா?'

'யானைக்கும் அடி சறுக்கும்ட்டி.'

'யானைன்னு ஒத்துக்கிட்டீகள்லா, அது போதும்.'

சிரிக்கல. என் பக்கத்துல வந்து உக்காந்தாக. 'அன்னைக்குக் காலையில நீ ஒருத்தர் மூஞ்சியையும் நிமிந்து பாக்கல. அப்பாவுக்குக் கடைசியா முத்தம் குடுக்கச் சொன்னப்பவும் கண்ணை மூடிக்கிட்டுத்தான் குடுத்த. நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்.'

'சும்மா கெடங்க'ன்னு எழுந்திரிச்சுப் போய் அடுப்பைத் தொடைச்சேன். தொடைச்ச அடுப்பையே தொடைச்சேன். நல்லா அழுதேன். அப்பா போனதுக்கு இன்னைக்குத்தான் அழுதிருக்கேன்னு அப்பதான் தெரிஞ்சுது.

ஒரு வழி இருக்கு. வாயை மூடிக்கிட்டு இருந்தா பரிசு எனக்கு, பேரு எனக்கு. கலியமூர்த்தி என்கிட்ட மறுபடி கேக்கப் போறதில்ல, அவர் குணம் அது. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க வேண்டிய அவசியமே இல்ல. சோறு போடுறதே நான்தான். ஆனா ஆக்னஸ்னு கையெழுத்துப் போட்ட படத்துத் தப்புக்கு இன்னொருத்தர் பேர்ல மெமோவா? என் தப்பைச் சுமக்க எனக்கே ஆள் வேணுமா? எனக்கு அது கௌரவக் குறைச்சலா இருக்கு. எங்க அப்பா பஸ்ஸை ஒரு தடவை புளியமரத்துல விட்டாரு. கண்டக்டர் பேர்ல ரிப்போர்ட் எழுதல.

மார்ச் 17, திங்கள்

ஃபைலையும் கடுதாசியையும் மேனேஜருக்கும் நாச்சியப்பன் சாருக்கும் ஒண்ணா அனுப்பினேன். பத்து நிமிஷத்துல சார் லைன்ல.

'மேடம், கலியமூர்த்தி மெமோவ நான் எடுத்துடறேன். அதோட விட்டுடுங்க. இந்தத் திருத்தத்தை எல்லாம் எதுக்குப் பத்திரிகையில போடச் சொல்றீங்க? உங்க மானமும் போவும், எங்க மானமும் போவும். பரிசு போயிடும் மேடம்.'

'போனா போட்டும் சார்.' வாய்தான் சொல்லிச்சு.

'யாருக்கும் தெரியாத விசயம்...'

'ஆபீஸ்ல அத்தனை பேருக்கும் கலியமூர்த்தி பண்ண தப்புன்னு தெரியும்லா. அவுக எல்லாரும் பத்திரிகை படிப்பாகள்லா. முப்பத்தி நாலாம் பக்கத்துல கட்டம் கட்டிப் போடுங்க. இல்லன்னா இந்த வெள்ளிக்கிழமை படம் வராது.'

'சரி மேடம்'னாரு.

வாசகத்தை நானே எழுதினேன். அடுத்தவன் எழுதினா வழவழா கொழகொழான்னு ஆக்கிருவான்.

'பிப்ரவரி 13 இதழின் படத்தில் கண்கள் இல்லாதது திட்டமிட்டது அல்ல. ஓவியர் வரைய மறந்தார். பக்கம் வடிவமைத்த கலியமூர்த்தி மீது எந்தத் தவறும் இல்லை. பேட்டியில் சொன்னவை பிறகு யோசித்துச் சொன்னவை. ஆக்னஸ்.'

நல்லா வந்திருக்கு. நான் எழுதப் போயிருந்தாலும் பேரெடுத்திருப்பேன்.

மார்ச் 27, வியாழன்

திருத்தம் வந்துச்சு. கட்டம் கட்டித்தான். பிலோமி அக்கா வள்ளியூர்ல இருந்து போன் பண்ணி முழுசா எனக்கே படிச்சுக் காட்டினா. அப்புறம், 'சாப்பிட்டியாடி'ன்னு கேட்டா. 'சாப்பிட்டேங்கா'ன்னேன். ரெண்டு பேரும் வைக்காம போனைப் பிடிச்சுக்கிட்டே இருந்தோம்.

மார்ச் 28, வெள்ளி

பரிசு ரத்து. மறதிக்குப் பரிசு குடுக்க விதியில இடமில்லையாம். 'விதியில இடமில்ல'ன்னு எம்புட்டு அழகாச் சொல்லுதானுவ. எனக்கு வலிக்கல்லன்னு சொன்னா அது பொய். மேடைக்குன்னு எடுத்து வச்ச பச்சைப் பட்டை மடிச்சு உள்ளே வச்சேன்.

இந்த வாரப் படத்துக்குக் கண்ணு வச்சேன். அம்மாக்காரிக்கு மட்டும். மத்த மூணு பேருக்கும் இல்ல. அவ ஒருத்தி மட்டும் மத்தவங்களைப் பாத்துக்கிட்டு இருக்கா. ரெண்டு கண்ணுக்கு ரெண்டு மணி நேரம் ஆச்சு. அழிச்சு அழிச்சு வரைஞ்சேன், ஆனா வந்துச்சு. முடிச்சுட்டு நானே கதவைத் திறந்து வெளிய போய் நின்னேன், அறைக்குள்ள இருக்க முடியல. இதுக்கு மேல ஒரு படம் தமிழ்நாட்டுல இன்னைக்கு எவனும் போட்டிருக்க மாட்டான்.

மார்ச் 30, ஞாயிறு

வாசகர் ஈமெயிலையெல்லாம் ஆபீஸ்ல இருந்து அனுப்பியிருந்தாக. ஏமாத்துக்காரின்னு மூணு பேர் எழுதியிருக்காக, சரிதான். திருச்சியில இருந்து ஒரு பொம்பள எழுதியிருக்கா. 'வேணும்னு வரைஞ்சதுன்னு நினைச்சவரைக்கும் ஓரளவு தைரியமா இருந்தேன். யாருமே நினைக்காம அந்தப் படம் தானா அப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சதுல இருந்து அந்தப் பக்கத்தைத் திறக்க முடியல.' அவளுக்கு என்னை விட அறிவு ஜாஸ்தி. அதைப் பிரிண்ட் எடுத்துப் பத்திரமா வச்சிருக்கேன்.

சாயங்காலம் கலியமூர்த்தி போன் பண்ணினாரு. ஒப்பந்தம் புதுப்பிச்சுட்டாங்களாம். நன்றி நன்றின்னு பத்து தடவை சொன்னாரு.

'எனக்கு எதுக்கு நன்றி? என் தப்புக்கு நீங்க எழுதிக் குடுத்தீங்க. நான் நேர்ல வந்து மன்னிப்புக் கேக்கணும்'னு சொன்னேன். என் வாயில மன்னிப்புங்கற வார்த்தை வந்தது இவுக காதுல விழுந்துட்டு, பேப்பரை இறக்கிட்டுப் பாத்தாக.

'மேடம், ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது.'

'அப்படியெல்லாம் முன்கூட்டி வாக்குக் குடுக்க மாட்டேன். சொல்லுங்க.'

'அன்னைக்குப் பக்கம் போடும்போதே பாத்தேன் மேடம். கண் லேயர் காலியாத்தான் வந்துச்சு.'

'பாத்தீகளா?'ன்னேன்.

'பத்து நிமிஷம் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன், அப்படி ஒரு படம் நீங்க போட்டதே இல்ல. உங்களுக்கு அப்பா தவறிட்டாங்கன்னும் ஆபீஸ்ல சொல்லியிருந்தாங்க. கை வைக்க மனசு வரல. அதான் நீங்க கேட்டப்ப பொறுப்பு என்னுதுன்னு சொன்னேன். பொய் இல்ல மேடம். பாத்தும் விட்டவன் நான்தான்.'

ஒம்பது வருஷமா 'ஃபைல் வந்துருச்சு மேடம்'னு மட்டும் சொன்ன மனுசன். இத்தனையும் தெரிஞ்சு வச்சுக்கிட்டு ஒரு மாசம் மெமோவோட உக்காந்திருந்திருக்காரு. எனக்குக் கோவம்தான் வந்துச்சு.

'பாத்தீகள்லா, எனக்கு ஒரு போன் அடிச்சிருக்கக் கூடாதா?'ன்னு கேட்டேன்.

'அடிச்சிருந்தா நீங்க கண்ணு வச்சிருப்பீங்களே மேடம்'னாரு.